வைரமுதுகு அந்துப்பூச்சி: மருந்தடிக்கும் முன்னால் ஆளை அடையாளம் பாருங்கள்

முட்டைகோஸ், காலிஃபிளவர் போட்டவர்கள் "புழு விழுந்திருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டால், தொட்டால் அந்தப் புழு என்ன செய்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். தொட்டவுடன் நெளிந்து துள்ளிப் பின்பக்கமாக ஓடி, இலையிலிருந்து நூல் விட்டுத் தொங்கினால் பெரும்பாலும் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. வெளிர் பச்சை நிறம், இரண்டு முனையும் கூம்பியிருக்கும், முழுதாக வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். இலைகளைப் பின்னி உள்ளே கூட்டமாகக் கிடந்தால் அது வேறு குடும்பத்துப் புழு.

தாய்ப்பூச்சி ரொம்பச் சின்னது, இறக்கை விரித்தாலே சுமார் 15 மில்லிமீட்டர்தான். சாம்பல் பழுப்பு நிறம்; உட்காரும்போது உணர்கொம்புகளை நேராக முன்னால் நீட்டியிருக்கும். முன்னிறக்கைகளின் ஓரத்தில் ஓடும் வெளிர்நிற அலைப்பட்டைகள் இறக்கையை மடக்கும்போது ஒன்றுசேர்ந்து முதுகில் வைர வடிவங்களாகத் தெரியும். ஒட்டுப்பொறியில் சிக்கியதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், செதில் உதிர்ந்துவிட்டால் வைரமும் போய்விடும்.

லின்னேயஸ் 1758இலேயே விவரித்த இனம் இது. இன்றைய பெயர் புளூட்டெல்லா சைலோஸ்டெல்லா, குடும்பம் புளூட்டெல்லிடே. பழைய நூல்களில் வரும் புளூட்டெல்லா மாக்குலிபென்னிஸும் இதேதான். இவ்வளவு காலம் படித்த பூச்சியிலும் ஒரு இரட்டை ஒளிந்திருந்தது: ஆஸ்திரேலியாவில் டிஎன்ஏ பார்த்தபோது சில பூச்சிகள் தனித்து நின்றன, 2013இல் அவற்றைப் புளூட்டெல்லா ஆஸ்திரேலியானா என்று தனி இனமாகப் பிரித்தார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரிக்கவே முடியாது, இனப்பெருக்க உறுப்பையோ டிஎன்ஏவையோ பார்த்தால்தான் உண்டு. ஆனால் பூச்சிக்கொல்லிக்குப் புது இனம் எளிதாகச் சாகிறது, பழையது தாங்குகிறது.

அந்தத் தாங்கும் சக்திதான் என் கவலை. 1950களிலேயே டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்கு அசராமல் நின்ற பூச்சி இது, அப்புறம் பி.டி. (Bt) என்ற பாக்டீரியாவிலிருந்து செய்யும் நுண்ணுயிர் மருந்துக்கும் வயலிலேயே எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது. எந்தப் புழு என்று தெரியாமல் கையில் கிடைத்ததை அடித்தால், செத்துப்போவது பெரும்பாலும் அதைத் தின்னும் குளவிகள்தான்.

அதனால் இலையைத் திருப்பிப் பாருங்கள். வலை போன்ற மெல்லிய கூட்டுக்குள் புழு தெரிந்தால் அது அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு. அரிசி மணியைவிடச் சின்னதாக, உள்ளே எதுவும் தெரியாத வெள்ளைக் கூடு இருந்தால் அது இந்தப் புழுவுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் கொட்டீசியா என்ற ஒட்டுண்ணிக் குளவியுடையதாக இருக்கலாம். அவை நிறைய இருக்கிற வயலுக்கு நான் உடனே மருந்து சொல்வதில்லை, சில நாள் விட்டுப் புழுக்களைத் திரும்ப எண்ணச் சொல்கிறேன்.