சர்க்கரை தானாகக் குறைகிறதா? சிறுநீரகத்தையும் பாருங்கள்

"டாக்டர், இப்போதெல்லாம் பாதி இன்சுலின் போட்டாலே சர்க்கரை இறங்கிவிடுகிறது." பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு இருப்பவர் முகம் மலர இப்படிச் சொன்னால், நான் பாராட்டுவதை ஒத்திவைத்துவிட்டு அவர் கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பார்ப்பேன். விரல் எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது என்று பொருள்; அடுத்துக் கேட்பது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்பதைத்தான்.

கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. ஏறத்தாழப் பாதி அங்கேயே சிதைந்துவிடும். ஊசி இன்சுலினுக்கு அந்த வழி இல்லை. அதை அகற்றுவதில் பெரும்பங்கு சிறுநீரகத்துடையது. சிறுநீரகம் தளர்ந்தால் சில மணி நேரத்தில் அடங்க வேண்டிய ஊசி அடங்காமல் வேலை செய்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் இருக்கும்போது குளுக்கோஸ் தயாரித்துக் கைகொடுப்பதில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு; அதுவும் குறைந்துபோகும். நள்ளிரவில் சர்க்கரை மிகவும் இறங்கி, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறுவது இதனால்தான். கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளும் இந்நிலையில் உடலில் தங்கி இதே ஆபத்தைத் தரும்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) நன்றாக இருக்கிறதே என்பார்கள். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. இரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்தில் சுரக்கிறது. அது குறைந்தால் சோகை வரும். நோய் முற்றும்போது சிவப்பணுக்களின் வழக்கமான 120 நாள் ஆயுளும் சுருங்கிவிடும். சோகைக்காக இந்த ஹார்மோனை ஊசியாகப் போடும்போது இளம் அணுக்கள் பெருகும். சர்க்கரை படியப் போதிய காலம் கிடைக்காததால் எச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அப்போது விரல் நுனியில் எடுக்கும் தினசரி அளவுகளையே நான் அதிகம் நம்புவேன்.

வைட்டமின் டி சிறுநீரகத்தில் செயல்வடிவம் பெறாமல் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி எலும்பைக் கரைப்பதும், ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதும் இதே வரிசையில் வருபவை. பின்னதைப் பற்றி நாங்களாகக் கேட்டாலொழிய யாரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறு. இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன்கள் இரண்டும் கட்டுமீறினால் சிறுநீரக வடிகட்டிகளில் அழுத்தம் கூடித் தழும்பு விழும். ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் பிரஷர் மாத்திரையான லோசார்டன் இந்தச் சிதைவின் வேகத்தைக் குறைக்கிறது என்று 2001லேயே பெரிய ஆய்வு காட்டியது. ஆனாலும் "பிரஷர் சரியாகிவிட்டதே" என்று அந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தொடங்கிய புதிதில் கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினாலும் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

டைப் 2 என்றால் நோய் தெரிந்த நாளிலிருந்தே, டைப் 1 என்றால் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஆண்டுதோறும் இரண்டு சோதனைகள் தேவை: சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம், இரத்தத்தில் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு). முதலாவது 30க்குக் கீழும் இரண்டாவது 60க்கு மேலும் இருக்க வேண்டும். எல்லை மீறிய நிலை மூன்று மாதம் நீடித்தால் அது சிறுநீரக நோய். இன்சுலின் தேவை காரணமின்றிக் குறைந்தால் ஆண்டுச் சோதனை வரை காத்திருக்காதீர்கள்; சர்க்கரை அளவுகளை எழுதிய குறிப்பேட்டுடன் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.