ஒட்டுப்பால் நாறத் தொடங்கிய நாள்

குலசேகரத்தில் மாமா வீட்டு முற்றத்தில் ஒட்டுப்பால் (ரப்பர் மரத்தில் வடிந்து உறைந்துபோன பால்) மூட்டை கிடந்தால், வழியே போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மாமா மட்டும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கட்டன் சாயா குடிப்பார். பல வருட சைனஸ், மூக்குக்குள் சதை வளர்ச்சி, வாசனை சுத்தமாகப் போயிருந்தது. நாகர்கோவிலில் ஆபரேஷனுக்கு நாள் குறித்த டாக்டர், அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போடச் சொன்னார். "வெட்டி எடுக்கத்தானே போறீங்க, பிறகு மாத்திரை எதுக்கு?" என்றார் மாமா. நல்ல கேள்வி.

அந்தச் சதை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அழற்சியால் வீங்கிய சவ்வு நீர் கோத்துத் தொங்குவது. எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்தால் தோல் உரித்த நுங்கு மாதிரி வெளிறிப் பளபளக்கும். பலருக்கு அதனுள் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் குவிந்திருக்கும். ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. ஈசினோஃபில்கள் மடிகின்றன, ரத்தக்குழாய்க் கசிவு குறைகிறது, சதை சுருங்குகிறது.

இதில் முதல் லாபம் டாக்டரின் கண்ணுக்கு. எண்டோஸ்கோப் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலே திரை முழுக்கச் சிவப்பு. வெட்டும் இடத்துக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பதோ காகிதம் போன்ற எலும்புத் தகடு; மேலே மூளை. வீக்கம் வற்றினால் ரத்தம் குறையும், வழி தெரியும். சதை வளர்ச்சி உள்ளவர்களுக்கே இந்தப் பலன் தெளிவாகத் தெரிகிறது. ஆபரேஷனுக்குப் பிறகும் சிலருக்குச் சில நாள் மாத்திரை தருவதுண்டு, அதற்கு ஆதாரம் அவ்வளவு வலுவில்லை. நெடுநாள் காவல் உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும்தான்.

மாத்திரை தொடங்கிய நாலாம் நாள் மாமா கத்தினார்: "இந்தச் சாக்கை எடுத்து அங்கோட்டு வையுங்க, நாறுது!" அப்புறம், ஆபரேஷனே வேண்டாம், மாத்திரையே போதும் என்று ஆரம்பித்தார். வம்பு இங்கேதான். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சதை திரும்பும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி வாங்கி விழுங்கினால் எலும்பு தேயும், கண்ணில் புரை விழும், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி சோம்பிப்போகும்.

மாமாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை வேறு. காலையில் போடும் பிரெட்னிசோலோன் மத்தியானத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், சாயங்காலம் மெஷினில் 290-ஐப் பார்த்ததும் அடங்கினார். டாக்டர் சர்க்கரை மருந்தைக் கூட்டினார். ஆபரேஷன் குறித்த நாளிலேயே நடந்தது.

மூட்டை இப்போது தொழுவத்துக்குப் பின்னால் கிடக்கிறது.