சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய டொமைன்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலை போன் செய்தார். "சார், நம்ம சைட்டைத் தொறந்தா என்னென்னமோ விளம்பரமா வருது. ஒரு வாரமா பையர்கிட்ட இருந்து மெயிலே இல்ல." யாரோ தளத்துக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பயந்துபோயிருந்தார். பார்த்தால், டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், காலாவதியாகிப் பத்து நாள்.

அறிவிப்பு வராமல் இல்லை. டாட் காம் போன்ற டொமைன்களுக்கு, முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டு மெயில் அனுப்ப வேண்டும் என்பது உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. இரண்டும் போயிருக்கின்றன, ஆனால் அதே டொமைனில் இருந்த 'இன்ஃபோ' முகவரிக்கு. தளம் செய்து கொடுத்த பையன் எட்டு வருஷம் முன்பு போட்டுவிட்டுப் போன முகவரி அது. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. டொமைன் நின்றதும் அந்த மெயிலும் நின்றுவிட்டது. பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால், அதற்கான லிங்க்கும் அங்கேதான் போகும். சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திய கதை.

நல்லவேளை, பதிவில் கம்பெனி பெயர் இருந்தது. ஜிஎஸ்டி சான்று, பழைய ரசீது எல்லாம் அனுப்பி நான்கு நாளில் மீட்டோம். அந்தப் பையனின் சொந்தப் பெயரில் இருந்திருந்தால் அவனைத் தேடித்தான் போயிருக்க வேண்டும். அதனால் நான் எந்த வாடிக்கையாளரின் டொமைனையும் என் கணக்கில் வைப்பதில்லை. அவர்கள் கணக்கு, அவர்கள் ஜிமெயில், அவர்கள் போனில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றவிடாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக் எப்போதும் போட்டே இருக்கட்டும். அப்படி மாற்றும்போது கேட்கப்படும் ரகசியக் குறியீடான ஆத் கோடை ஓடிபி மாதிரி நினையுங்கள், கேட்பவருக்கெல்லாம் கொடுக்காதீர்கள்.

டாட் காம் காலாவதியானதும் பறிபோய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க இடமிருக்கிறது. அதற்குள்ளேயே ஏலத்தில் விடுகிற நிறுவனங்களும் உண்டு. அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதற்கு அபராதம் மாதிரி தனிக் கட்டணம். கடைசி 5 நாள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதன்பிறகு முதலில் பிடிப்பவருக்குச் சொந்தம். சின்னக் கம்பெனிகள் மட்டும் இதில் மாட்டுவதில்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்டே தன் லாகின் சேவைக்கான பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலில் பலரால் நுழைய முடியாமல் போனது. வெளியாள் ஒருவர் 35 டாலர் கட்டித்தான் அது உயிர்பெற்றது.

ஆட்டோ ரினியூவல் போட்டிருக்கிறேனே என்பீர்கள். கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து விதிகளை இறுக்கியபின், வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போக வேண்டிய தொகை பல சமயம் எடுபடுவதில்லை. ஆகவே நான்கைந்து வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டிவிடுவது மேல். 10 வருஷம் வரை கட்டலாம்.

சரி, பனியன் கம்பெனிக்காரருக்கு வருவோம். குழந்தை உடைகளுக்குப் புது பிராண்ட் தொடங்கப் போவதாகவும், அதற்கு 'மழலை' என்று டொமைன் வேண்டும் என்றும் சொன்னார். அருமையான பெயர்தான். ஆனால் ஆங்கில எழுத்தில் ழகரம் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பெயரைப் போனில் ஒரே ஒருமுறை சொல்லி, எழுதிக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். மேனேஜர், கணக்கர், மகள் மூன்று பேரும் மூன்று விதமாக எழுதினார்கள். இசட் ஹெச் போட்டது மகள் மட்டும். மற்ற இருவருக்கும் ழ-வும் லை-யும் ஒரே எல். தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா முகவரி வாங்கலாம்தான். ஜெர்மனியில் இருக்கும் பையர் அதை எப்படித் தட்டுவார்?

பெயரை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. மூன்று எழுத்துக்கூட்டலையும் வாங்கி, இரண்டை முதலாவதுக்குத் திருப்பிவிட்டோம். ஐந்து வருஷத்துக்குக் கட்டியாயிற்று.

மூன்றாம் நாளே அவருக்கு ஒரு போன். "உங்க டொமைன் இன்னைக்கு எக்ஸ்பைரி ஆகுது, உடனே பணம் கட்டுங்க." ஐந்து வருஷ ரசீது மேசையிலேயே கிடந்ததாம். "எந்த ஸ்பெல்லிங் எக்ஸ்பைரி ஆகுதுங்க?" என்று கேட்டிருக்கிறார். லைன் கட்டாகிவிட்டது.