ஒத்ததிர்வு: மெழுகு சொன்ன பொருள்

எம்ஆர்ஐ என்ற மூன்றெழுத்தின் தாய்ச்சொல் என்எம்ஆர், அதாவது நியூக்ளியர் மேக்னடிக் ரெசொனன்ஸ். தமிழில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு.

முதல் இரண்டு சொற்களில் சிக்கல் இல்லை. நியூக்ளியஸ் என்றால் லத்தீனில் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. நாம் கரு என்கிறோம். காந்தம் வடமொழி வழி வந்தது. அயஸ்காந்தம் என்றால் இரும்புக்குப் பிரியமானது. அழகான பெயர்தான்.

ரெசொனன்ஸ்தான் இடறும். அதன் லத்தீன் வேருக்கு மறுபடி ஒலித்தல் என்று பொருள். அதை அப்படியே பெயர்த்திருந்தால் எதிரொலி என்று ஆகியிருக்கும். நல்லவேளை, தமிழில் வேறு வழியில் போனார்கள். ஒத்து + அதிர்வு, ஒத்ததிர்வு. ஒரே சுருதியில் கட்டிய இரண்டு தந்திகளில் ஒன்றை மீட்டினால் மற்றொன்று தானாக நடுங்குமே, அதுதான். ஒத்திசைவு என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது இணக்கம் என்ற பொருளுக்கே சரி.

இந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் என்று பார்க்க, அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் பர்செலின் சோதனைக்குப் போகலாம். போர்க்காலத்தில் ரேடார் ஆய்வில் இருந்தவர். 1945 டிசம்பரில் ஹார்வர்டில் டோரி, பவுண்ட் இருவருடன் சேர்ந்து, பாரஃபின் மெழுகு நிரப்பிய ஒரு பெட்டியைக் காந்தத்தின் நடுவே வைத்தார். மெழுகில் உள்ள புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அணுக்கருக்கள், காந்தப்புலத்தில் சாய்ந்த பம்பரத்தின் தலைபோல் வட்டமிடும். புலத்தின் வலிமை 1 டெஸ்லா என்றால் நொடிக்கு சுமார் 4.26 கோடி முறை. ரேடியோ அலையை 30 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 3 கோடி அதிர்வில், நிறுத்திவிட்டுப் புலத்தை மட்டும் மெல்ல மாற்றினார்கள். சுமார் 0.7 டெஸ்லாவில் புரோட்டானின் சுற்றும் அலையின் அதிர்வும் ஒத்துப்போயின. மெழுகு அலையின் ஆற்றலில் கொஞ்சத்தை விழுங்கியது. கருவியின் முள் அசைந்தது. முன்பின் எங்கும் அசையவில்லை. எதிரொலி என்று பெயர் வைத்திருந்தால் இதை விளக்க நாம் திண்டாடியிருப்போம்.

வெற்றிடத்தில் பாயும் மூலக்கூறுக் கற்றைகளில் இதை இயற்பியலாளர் ராபி 1938இலேயே காட்டிவிட்டார். திண்மத்தில் கண்டது பர்செல் குழு. ஏறக்குறைய அதே சமயம் ஸ்டான்ஃபோர்டில் பெலிக்ஸ் பிளாக் தண்ணீரில் கண்டார். ஆனால் அவர் வைத்த பெயர் அணுக்கருத் தூண்டல். 1952 நோபல் பரிசு இருவருக்கும் பாதிப்பாதி. பெயரில் மட்டும் ரெசொனன்ஸ் ஜெயித்தது.

நோபல் உரையில் பர்செல் ஒன்று சொன்னார்: அந்தக் குளிர்காலத்தில் வாசலில் குவிந்திருந்த பனியைப் புதுக் கண்ணோடு பார்த்தாராம். பூமியின் காந்தப்புலத்தில் சத்தமின்றிச் சுற்றும் புரோட்டான் குவியலாக அது தெரிந்ததாம்.

அப்புறம், மருத்துவத்துக்கு வந்தபோது நியூக்ளியர் என்ற சொல் நோயாளிகளை மிரட்டும் என்று கழற்றிவிட்டார்கள். அதனால் எம்ஆர்ஐக்குத் தமிழில் காந்த ஒத்ததிர்வுப் படமாக்கம் என்று எழுதினால் போதும்.