கசிவு மாதிரியா, கசிவுக் கணிப்புருவா?

"வடகடலில் கசிவு மாதிரி ஆராயப்பட்டது." கரியமில வாயுவைக் கடலடியில் புதைக்கும் திட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இந்தத் தொடரை விடாமல் புழங்குகிறார்கள். படிப்பவர் என்ன நினைப்பார்? வாயு கசிந்தது, அதைக் குப்பியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள் என்றுதான். நடந்ததோ வேறு. ஒரு குமிழ்கூட வெளிவரவில்லை. கசிந்தால் என்ன ஆகும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், அவ்வளவே. நடக்காத கசிவை இந்த ஒரு சொல் நடந்ததாக்கிவிடுகிறது.

இங்கே 'மாதிரி' என்று எழுதுவது ஆங்கிலத்தின் 'மாடல்' என்ற சொல்லைத்தான். அந்த 'மாடல்' இலத்தீனில் 'அளவு' எனப் பொருள்படும் 'மோடுஸ்' என்பதிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. வேரில் இருப்பது அளவு. நம் 'மாதிரி'யோ மூன்று வேலை பார்க்கிறது. கடையில் காட்டும் துணித்துண்டும் ஆய்வகத்துக்குப் போகும் சளியும் மாதிரி. ரூதர்போர்டின் அணு மாதிரியும் மாதிரி. பேச்சில் 'போல' என்பதற்கும் அதுவே: "கசிவு மாதிரி தெரியுது" என்றால் கசிகிறதோ என்ற ஐயம். பள்ளிப் பாடத்தில் இந்த மூன்றும் மோதிக்கொள்வதில்லை. அணுவை யாரும் குப்பியில் பிடிக்கப் போவதில்லை என்பதால் 'அணு மாதிரி' அங்கே நிம்மதியாக இருக்கலாம். கடலடிக் கசிவு ஆய்வில் மட்டும் மூன்றும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கின்றன.

2012இல் ஸ்காட்லாந்தின் ஓபன் நகருக்கு அருகே ஆர்ட்மக்னிஷ் விரிகுடாவில் நடந்த சோதனையைப் பாருங்கள். கடல்தரைக்கு 11 மீட்டர் கீழே, 37 நாள்களில், 4.2 டன் கரியமில வாயுவை வேண்டுமென்றே செலுத்தினார்கள். அதில் சுமார் 15 சதவீதமே குமிழ்களாக நீருக்குள் வந்தது. மீதி பெரும்பாலும் வண்டலிலேயே கரைந்தும் தங்கியும் போனது. நீர்மட்டம் தாழும்போது தரைமீது அழுத்தம் குறைவதால் குமிழ்கள் கூடின, ஏறும்போது குறைந்தன. அங்கே நீரும் வண்டலும் அள்ளப்பட்டன: அவை மாதிரிகள். ஒலியலை அனுப்பி வண்டலுக்குள் வாயு தேங்கிய இடங்களைப் படமாக்கினார்கள்: அவை படிமங்கள். வாயு எவ்வளவு தூரம் பரவும் என்று சமன்பாடுகளால் கணக்கிட்டார்கள். இந்த மூன்றாவதற்கும் 'மாதிரி' என்றே எழுதினால், அளந்தது எது, கணக்கிட்டது எது என்று வாசகர் எப்படிப் பிரிப்பார்?

'மாதிரி' மாடலுக்கே இருக்கட்டும், ஆய்வுக்கு அள்ளுவதைப் புள்ளியியல் பாடநூல் போலக் 'கூறு' என்போம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. தாளில் சரி. மண் மாதிரி, தண்ணீர் மாதிரி என்று உழவர் முதல் ஆய்வக உதவியாளர் வரை சொல்லிப் பழகியதை யார் மாற்றுவது? வேரூன்றிய சொல்லைப் பிடுங்குவதைவிட, வேரூன்றாத இடத்தில் புதிதாக நடுவது எளிது.

'படிமம்' என்பாரும் உண்டு. அழகான சொல், ஆனால் இந்தத் துறையில் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. நார்வேயின் ஸ்லைப்னர் என்ற கடலடி எரிவாயு வயலில் 1996 முதல் கரியமில வாயு உட்சிரா மணற்கல் அடுக்குக்குள் செலுத்தப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் நில அதிர்வுப் படிமங்களில் அந்த வாயு ஒன்பது அடுக்குகளாகப் பரவியிருப்பது தெரிந்தது. கணக்கிட்ட பரவலை அந்தப் படிமத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதே அங்கே முக்கிய வேலை. "படிமத்தைப் படிமத்தோடு ஒப்பிட்டார்கள்" என்று எழுத முடியுமா?

'உருவகப்படுத்தல்' இன்னும் மோசம். உருவகம் அணியிலக்கணத்துக்குச் சொந்தம். 'கசிவை உருவகப்படுத்தினர்' என்றால் கவிதை எழுதினார்கள் என்று பொருள். அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்துப் பொருத்திவிட்டு, வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படிக்காத பழக்கத்தின் விளைவு இது. கசிவை 'உமிழ்வு' என்பதும், தொழிற்சாலைகள் விதி தளர்ந்த நாட்டுக்கு மாறுவதைக் குறிக்கும் 'கார்பன் கசிவை'க் கடலடிக் கசிவோடு குழப்புவதும் அதே பழக்கம்தான்.

என் தேர்வு 'கணிப்புரு'. கணித்தல் என்றால் கணக்கிட்டு அறிதல். கணியன் அதிலிருந்தே வந்தான். கருத்துக்கணிப்பு, வானிலைக் கணிப்பு என்று கேட்டுப் பழகியதால் வருங்காலத்தை மட்டும் குறிக்குமோ என்பார்கள். குறித்தால் நல்லதே. 'கணிப்பு' என்று காதில் விழுந்ததும் இது இன்னும் நடக்கவில்லை என்பது வாசகருக்கு உறைக்கும். நடந்து முடிந்ததைத் திரும்பக் கணக்கிடும்போதும் பொருள் கெடாது; அதுவும் கணித்தலே. இலத்தீன் வேரில் இருந்த 'அளவு' இங்கே தப்பாமல் வந்துவிடுகிறது.

சொல் மட்டும் மாறினால் போதாது. கணிப்புருவின் முடிவை எழுதும்போது மூன்று தகவல்கள் கூடவே வரவேண்டும்: நாளுக்கு எவ்வளவு கசிவதாகக் கொண்டார்கள், நீரின் ஆழம் என்ன, கடலை எவ்வளவு பெரிய கட்டங்களாகப் பிரித்தார்கள். பலரும் விட்டுவிடுவது மூன்றாவதை. நாளுக்கு 1 டன் கசிவு என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோமீட்டர் சதுரமும் 5 மீட்டர் உயரமும் கொண்ட கட்டத்தில் அது முழுதும் கலந்தால், ஒரு கிலோ கடல்நீரில் கரைந்துள்ள சுமார் 2,100 மைக்ரோமோல் (பொருளின் அளவைச் சொல்லும் நுண்ணலகு) கார்பனோடு ஒரு நாளில் 4.4 மைக்ரோமோல் மட்டுமே கூடும். பாசியின் ஒளிச்சேர்க்கையும் உயிரிகளின் மூச்சும் உண்டாக்கும் இயல்பான ஏற்ற இறக்கத்தில் அது காணாமல் போகும். கட்டம் 100 மீட்டர் சதுரமானால், நீரோட்டத்தைக் கணக்கில் கொள்ளாதபோது, அதே கசிவு 440 காட்டும். கசிவு ஒன்றே, கட்டம்தான் வேறு. குமிழ்கள் பெரும்பாலும் தரைக்கு மேலே சில மீட்டருக்குள் கரைந்துவிடுவதால் உயரத்திலும் இதே சிக்கல் உண்டு. "கசிவு மாதிரியில் பாதிப்பு இல்லை" என்று எழுதினால் இந்தக் கேள்வியைக் கேட்கவே வாசகருக்குத் தோன்றாது. "1 கிலோமீட்டர் கட்டக் கணிப்புருவில் பாதிப்பு தெரியவில்லை" என்று எழுதுங்கள்.