டி.வி. கேஸ்: மனைவிக்கு மட்டுமான சட்டம் இல்லை

மதுரை கோர்ட்டுப் பக்கம் 'டி.வி. கேஸ்' என்றால் குடும்ப வன்முறை வழக்கு. 'குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005' என்பது முழுப்பெயர். 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. இத்தனை வருடம் ஆகியும் ஊரில் பலர் மனதில் உள்ள படம் ஒன்றுதான்: குடிகாரப் புருஷன், அடிவாங்கும் பொண்டாட்டி, கூலிக்காரர் வீடு. படித்தவர் வீட்டில் நடப்பது தெருவுக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சட்டம் பார்ப்பது ஒரே வீட்டில் இருக்கும், அல்லது முன்பு இருந்த, உறவுக்காரப் பெண்ணை. மேலூரில் கணவன் இறந்தபின் கொழுந்தன் வெளியே போகச் சொல்லும் பெண், உசிலம்பட்டியில் அண்ணனிடம் அடிவாங்கும் கல்யாணமாகாத தங்கை, பென்ஷன் வரும் ஏ.டி.எம். கார்டை மகன் பிடுங்கி வைத்திருக்கும் தாய், இவர்கள் எல்லோருமே மனு போடலாம். தாலி கட்டாமல் கணவன் மனைவியாக வாழ்ந்தவரும் போடலாம்; ஆனால் 2010-இல் வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குச் சில நிபந்தனைகள் வைத்தது. ஏற்கனவே மனைவி இருக்கும் ஆளோடு வாழ்ந்தவருக்கு வழக்கு சிக்கலாகும். முதலிலேயே வக்கீலிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

எதிர்த்தரப்பு ஆணாகத்தான் இருக்க வேண்டுமா? சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. 'வயதுவந்த ஆண்' என்ற அந்தச் சொற்களை உச்ச நீதிமன்றம் 2016-இல் நீக்கிவிட்டது. மாமியார், நாத்தனார் மீதும் மனு போடலாம்.

காயம் இருந்தால்தான் கேஸ் நிற்கும் என்பது பெரிய தப்பு. வீட்டுச் செலவுக்குப் பணம் தராதது, சீதன நகையை அடகு வைத்துத் தின்றுவிடுவது, ஆண்பிள்ளை பெறவில்லை என்று குத்திக்காட்டுவது எல்லாமே சட்டத்தின் கணக்கில் வன்முறைதான்.

"வீடு மாமனார் பேரில இருக்கு, உனக்கு என்ன உரிமை?" எத்தனையோ பெண்கள் இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். மருமகளாகக் குடியிருந்த வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வீடு அவருக்குச் சொந்தமாகிவிடாது. முறைப்படி கோர்ட் உத்தரவு இல்லாமல் வெளியே தள்ள முடியாது, அதுதான் விஷயம். சூழ்நிலையைப் பார்த்து வேறு வீடு எடுத்துத் தரவோ வாடகை கட்டவோ மாஜிஸ்திரேட் சொல்லலாம்.

டைவர்ஸ் கேட்கத் தேவையில்லை, எஃப்.ஐ.ஆர். இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. மாவட்ட சமூக நலத்துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் வழியாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு கொடுக்கலாம். திருமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவர் தாய்வீடான வாடிப்பட்டியில் தங்கியிருந்தால், அங்கிருந்தே வழக்குப் போடலாம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா இழுக்கும். அதனால் இடைக்கால உத்தரவை முதல் மனுவோடு சேர்த்தே கேளுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. அவசரத்துக்கு 181. பக்கத்து வீட்டுக்காரரும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராது.

ஆண்கள் அடிவாங்குவதே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. வாங்குகிறார்கள். இந்தச் சட்டம் மட்டும் அவர்களுக்கு இல்லை. அடிதடிக்குப் பொதுவான குற்றச் சட்டத்தில் ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். பிள்ளைகள் கைவிட்ட வயதான அப்பா, 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். முதியோருக்கான எண் 14567.

உத்தரவு கிடைத்ததும் அதன் நகல் மனுதாரருக்கும் உள்ளூர் காவல் நிலையத்துக்கும் இலவசமாக வர வேண்டும். ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு வையுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; ஜாமீனில் விடமுடியாத குற்றம் அது.