வாடகைதாரர் அரசாங்கம் என்றால்

"சார், கவர்மென்ட் ஆபீஸ்தான் கேக்கறாங்க. வாடகை எங்கயும் போயிடாதுல்ல?" புதிதாக மாடி கட்டியவர்கள் என்னிடம் வந்து முதலில் கேட்பது இதைத்தான். போகாது. எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதில்தான் வழக்கே.

ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் முதல் மாடியை ஒரு துறைக்கு மூன்று வருடத்துக்குக் கொடுத்திருந்தார். கெடு முடிந்து ஐந்து வருடம் ஆகியும் அலுவலகம் நகரவில்லை, வாடகையும் ஏறவில்லை. கேட்டால், "நியாய வாடகைக்கு பொதுப்பணித் துறைக்கு எழுதியிருக்கோம்" என்ற பதில். (அரசு அலுவலகம் தரும் வாடகையை, இடத்தை அளந்து அந்தத் துறைதான் நிர்ணயிக்கும்.) அவர் கையில் இருந்தது அலுவலர் கையெழுத்துப் போட்ட ஒரு முத்திரைத்தாள். பதிவு செய்யப்படாதது.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால், அந்தத் தாளில் எழுதிய மூன்று வருடக் கெடுவும் வாடகை உயர்வும் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். மாதத்துக்கு மாதம் தொடரும் வெறும் வாடகையாகத்தான் பார்ப்பார்கள். இன்னொன்று, அரசியலமைப்பின் 299-ஆவது பிரிவு. மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநரின் பெயரால், அதிகாரம் பெற்றவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். "ஆபீசரே போட்டாரே சார்" என்பது இங்கே எடுபடாது. அப்படிப்பட்ட நிலையிலும் அனுபவித்த பலனுக்கு ஒப்பந்தச் சட்டம் 70-ஆவது பிரிவின்படி ஈடு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே, பி.கே. மண்டல் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் அது வழக்குப் போட்டு வாங்க வேண்டிய பணம். (எல்.ஐ.சி., அரசு வங்கி போன்றவை தனி நிறுவனங்கள். 299 அவற்றுக்குப் பொருந்தாது.)

வழக்கு என்றாலும் நேரே போக முடியாது. குத்தகையை முடிக்க ஒரு நோட்டீஸ். அரசு மேல் வழக்குத் தொடர உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் (சி.பி.சி.) 80-ஆவது பிரிவின்படி இரண்டு மாத அவகாசத்துடன் இன்னொன்று. வாடகை பாக்கிக்குக் காலவரம்பு மூன்றே வருடம். ஐந்து வருடம் நோட்டீஸ் கொடுக்காமல் பழைய வாடகையையே வாங்கிப் போட்டுக்கொண்டவர், போன காலத்துக்குக் கூடுதல் வாடகை கேட்க வழியில்லை. நோட்டீஸ் கொடுத்துக் குத்தகையை முடித்தபின்தான் சந்தை மதிப்பில் நஷ்டஈடு பேச முடியும்.

ஆகவே சாவியைக் கொடுக்கும் முன்பே பத்திரம் பதிவாகட்டும். கெடு முடிந்தும் காலி செய்யாவிட்டால் என்ன வாடகை என்பது அதிலேயே இருக்கட்டும். அச்சடித்த படிவத்தை மாற்ற முடியாது என்பார்கள். எழுத்தில் கேட்டு வையுங்கள். பொதுப்பணித் துறை அளக்க வரும்போது கூடவே நில்லுங்கள். கார் நிறுத்துமிடமும் ஜெனரேட்டர் அறையும் கணக்கில் வந்ததா என்று பாருங்கள். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால், நிர்ணயித்த தொகைக்குள் வரி அடக்கமா, தனியா என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள். அட்வான்ஸை நம்பி அடுத்த மாடிக்கு ஜல்லி இறக்காதீர்கள். நான் பார்த்தவரை அது கிடைப்பது அபூர்வம். ஏப்ரலில் நிதி ஒதுக்கீடு வரும்வரை பில் கருவூலத்துக்கே போகாமல் கிடக்கும். வங்கித் தவணை உள்ளவர்கள் அதற்கும் கையில் வைத்திருக்க வேண்டும்.

கடைக்காரர் சார்பில் நோட்டீஸ் போன இரண்டாவது மாதம் டேப்போடு இன்ஜினியர் வந்துவிட்டார். புது வாடகையும் புதுப் பத்திரமும் ஆயிற்று. ஏசி வைக்க உடைத்த சுவருக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. உடைப்பதற்கு முந்தைய போட்டோ அவரிடம் கிடையாது.